ஒளிக்குக் கிருமிகள் பழகிக்கொள்ளாதா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உழவர் ஒருவரிடம், "அடிச்சாம்பல் நோய்க்கு ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "முதலில் கேட்கும், போகப் போகக் கேட்காது" என்பார். இதை அறிய அவருக்கு மரபியல் பாடம் தேவைப்படவில்லை. கொடி காய்ந்த அனுபவமே போதுமானதாக இருந்தது.

உழவர் கொடியில் கண்டதை மருத்துவர்கள் மனித உடலில் கண்டார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலித்தது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, மிக வலிமையான கார்பபீனம் வகை மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பெற்ற பாக்டீரியாக்கள் இந்தியாவில் பரவியிருப்பதைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆராயப்பட்ட கிருமிகளுள் சென்னையில் எடுக்கப்பட்டவையும் இருந்தன. ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தி அன்று.

இந்த நிலையில்தான் ஒளியின் மீது எல்லோருடைய கண்ணும் திரும்பியுள்ளது. புறஊதா விளக்கு, நீல ஒளி, சாயத்தோடு சேர்ந்த ஒளி என்று பல முறைகள் சோதிக்கப்படுகின்றன. அவற்றோடு ஒரு கூற்றும் சேர்ந்தே வருகிறது: "ஒளியைக் கிருமிகள் எதிர்க்கவே முடியாது." விளம்பரங்களில் மட்டுமல்ல, ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளிலும் இதை ஏறக்குறைய இதே பொருளில் காணலாம். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளி எப்படிக் கொல்கிறது?

சூரிய ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877-இல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் காட்டினர். தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். எனவே கருத்து புதியதன்று. இன்று கையாளப்படும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, புறஊதாக் கதிர். பாதரச ஆவி விளக்கு தரும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிரின் ஒவ்வொரு ஃபோட்டானும் ஏறத்தாழ 4.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையது. கிருமியின் டி.என்.ஏ. இதை நேரடியாக உறிஞ்சுகிறது. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. எழுத்துகள் ஒட்டிக்கொண்ட ஏட்டைப் படியெடுக்க முடியாதது போல, அந்த டி.என்.ஏ.வையும் நகலெடுக்க முடிவதில்லை. கிருமி பெருக முடியாமல் போகிறது.

இரண்டாவது, 405 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி. இதன் ஃபோட்டானுக்கு 3.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. டி.என்.ஏ. இதை உறிஞ்சுவதில்லை. ஆனால் பாக்டீரியாவின் உள்ளே இயல்பாகவே இருக்கும் போர்ஃபைரின் என்ற நிறப்பொருள் உறிஞ்சுகிறது.

மூன்றாவது முறையில், அந்த நிறப்பொருளின் வேலையை நாம் சேர்க்கும் சாயம் செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்திருக்கும் மெத்திலீன் நீலம் அத்தகைய ஒரு சாயம். இந்த இரண்டு முறைகளிலும் நிறப்பொருள் தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. சாதாரண ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் மிகுந்த 'சிங்லெட் ஆக்சிஜன்' உண்டாகிறது. நீரில் சில மைக்ரோ நொடிகளே அது நிலைத்திருக்கும். அதற்குள் கைக்கெட்டிய புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. அனைத்தையும் தாக்கிவிடும்.

கூற்றுக்குச் சார்பான வாதங்கள்

எதிர்ப்பு வராது என்போர் மூன்று காரணங்களைச் சொல்வர். அவற்றை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது.

ஒன்று: ஆன்டிபயாட்டிக் மருந்து பெரும்பாலும் கிருமியின் ஒரே ஓர் உறுப்பைக் குறிபார்த்துத் தாக்குகிறது. அந்த உறுப்பு சற்றே வடிவம் மாறினால் மருந்து தோற்றுவிடும். சிங்லெட் ஆக்சிஜனோ பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்குகிறது. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிக்கொள்வது கிருமிக்கு எளிதன்று.

இரண்டு: ஒளி வேலை செய்யும் நேரம் குறைவு. சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடுகிறது. பழகிக்கொள்ள அவகாசம் இல்லை.

மூன்று: மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களில் ஏறி ஒரு கிருமியிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. ஒளிக்கு அப்படித் தாவும் எதிர்ப்பு இல்லை என்கிறார்கள்.

முதல் வாதம் வலுவானது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு 'கடினம்' என்பதுதான். 'முடியாது' என்பது அன்று. இரண்டாம் வாதத்தில் ஒரு குழப்பம் உள்ளது. கிருமி ஒளியின் கீழே இருக்கும்போது பாடம் கற்பதில்லை. தப்பிப் பிழைத்தவை பின்னர்ப் பெருகுவதுதான் தேர்வு. அதற்கு வேண்டிய அவகாசம் விளக்கை அணைத்த பிறகு தாராளமாகக் கிடைக்கிறது. மூன்றாம் வாதம் உண்மைக்கே மாறானது. பி.கே.எம்.101 என்ற பிளாஸ்மிட், அதைப் பெற்ற பாக்டீரியா புறஊதாக் கதிரால் சாவதைக் குறைக்கிறது என்பது 1970-களிலேயே தெரிந்த செய்தி. அந்தப் பிளாஸ்மிட், மருந்து எதிர்ப்பைச் சுமக்கும் வேறொரு பிளாஸ்மிட்டிலிருந்து பிறந்தது என்பதையும் கவனியுங்கள்.

1946-இல் கிடைத்த விடை

உண்மையில் புறஊதாக் கதிரைப் பொறுத்தவரை இந்த வினாவுக்கு விடை மிகப் பழையது. 1944-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஈவ்லின் விட்கின் என்ற இளம் பெண் ஆய்வாளர் ஈ. கோலி பாக்டீரியா மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். கதிரின் அளவு மிகுந்துவிட்டது. ஏறத்தாழ எல்லாக் கிருமிகளும் மடிந்தன. நான்கு கூட்டங்கள் மட்டும் வளர்ந்து நின்றன. அவர் அந்தத் தட்டைக் கழுவிப் போட்டுவிடவில்லை. பிழைத்தவற்றை வளர்த்துச் சோதித்தார். அவை கதிரைத் தாங்கும் தன்மையைத் தம் சந்ததிக்கும் கொடுப்பதைக் கண்டார். 1946-இல் முடிவை வெளியிட்டார். ஒளிக்கு எதிர்ப்புத் தோன்றலாம் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1949-இல், அதே ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் இன்னொரு வியப்பைக் கண்டார். புறஊதாக் கதிரால் அடிபட்ட நுண்ணுயிர்களைச் சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் அவற்றுள் பல மீண்டும் பிழைக்கின்றன! ஃபோட்டோலையேஸ் என்ற நொதி, நீல ஒளியின் ஆற்றலைக்கொண்டே ஒட்டிக்கொண்ட தைமின்களைப் பிரித்துவிடுகிறது. காயப்படுத்தியதும் ஒளி, அதற்கு மருந்திட்டதும் ஒளி. இந்த நொதியின் வேலையையும் டி.என்.ஏ.வைச் செப்பனிடும் மற்றொரு முறையையும் விளக்கிய அஜீஸ் சாஞ்சார் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலில் கிடந்து வாழ்ந்த உயிரினம் வெயிலுக்கு எதிராக ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்று எண்ணுவதே பொருந்தாது அல்லவா? நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று சொல்லலாம். 2005-இல் ஐதராபாத்திலிருந்து ஒரு பெரிய பலூன் பறக்கவிடப்பட்டது. 20 முதல் 41 கிலோமீட்டர் வரையிலான உயரங்களில் காற்று சேகரிக்கப்பட்டது. அதில் கிடைத்த மூன்று பாக்டீரியாக்கள் புதிய இனங்கள் என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் அறிவித்தது. ஜானிபேக்டர் ஹாய்லி, பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பேசில்லஸ் ஆரியபட்டை என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். மூன்றும் தத்தம் நெருங்கிய உறவினங்களைவிடப் புறஊதாக் கதிரை அதிகம் தாங்கின. இவை பூமியில் இல்லாதவை என்று அன்று சொல்லப்பட்டது மட்டும் நிலைக்கவில்லை. ஆரியபட்டை பின்னர் நிலத்து மண்ணிலும் கண்டெடுக்கப்பட்டது. இதுவும் நமக்கு ஒரு பாடமே. வயல் மண்ணிலும் கதிரைத் தாங்கும் கிருமிகள் உண்டு.

நீல ஒளியும் சாயமும்

புறஊதாக் கதிரை விட்டுவிடுவோம். பல இடங்களைத் தாக்கும் சிங்லெட் ஆக்சிஜன் முறையிலாவது கூற்று நிற்கிறதா? இங்குதான் ஆய்வாளர்கள் கருத்து மாறுபடுகிறார்கள்.

2002-இல் இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர்கள், பல்லீறு நோய்க் கிருமிகளைச் சாயமும் ஒளியும் கொண்டு பத்து முறை அடுத்தடுத்துத் தாக்கினர். எதிர்ப்புத் தோன்றவில்லை. 2017-இல் கிளாஸ்கோ நகரில், சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை முழுதும் கொல்லாத அளவு நீல ஒளியால் பதினைந்து முறை தாக்கிப் பார்த்தனர். அங்கும் எதிர்ப்புக்குச் சான்று இல்லை. ஆனால் 2019-இல் போலந்தின் கிடான்ஸ்க் நகர ஆய்வாளர்கள் அதே ஸ்டெஃபிலோகாக்கஸை அதே பதினைந்து சுற்றுகள் தாக்கியபோது, அது ஒளியைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. பின்னர் ஒளியே இல்லாமல் ஐந்து முறை வளர்த்தபோதும் அத்திறன் மறையவில்லை.

ஒரே கிருமி, ஒரே எண்ணிக்கைச் சுற்று. முடிவு மட்டும் இரண்டு. ஒருவர் பொய் சொல்கிறார் என்று கருத வேண்டியதில்லை. எந்த வகைக் கிருமியை எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் எத்தனை விழுக்காட்டைக் கொன்றார்கள், பிழைத்தவற்றை எப்படி வளர்த்தார்கள், தாங்கும் திறனை எப்படி அளந்தார்கள் என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். கிடான்ஸ்க் குழுவினரே 2021-இல் இதை ஒரு தனிக் கட்டுரையாக எழுதினர்.

சாய முறைக்கு இன்னோர் ஓட்டையும் உண்டு. சிங்லெட் ஆக்சிஜனைக் கிருமி எதிர்க்க முடியாவிட்டாலும் சாயத்தை எதிர்க்கலாமே! பல பாக்டீரியாக்களின் உறையில் வேண்டாத பொருளை வெளியே இறைக்கும் புரத ஏற்றங்கள் உள்ளன. ஆன்டிபயாட்டிக்கை இறைத்துக் கொட்டும் அதே ஏற்றங்கள் மெத்திலீன் நீலத்தையும் இறைத்துவிடும் என்பது 2006-இல் காட்டப்பட்டது.

ஒரு சிறு கணக்கு

அப்படியானால் ஒளியும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றுதானா? இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்கள் தாமே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பரப்பில் 10 லட்சம் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் 'அளவு' ஒளி அவற்றைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கட்டும். நான்கு அளவு கொடுத்தால் எஞ்சுவது 100. இனி, பத்தில் ஒன்றாகக் குறைய இரண்டு அளவு தேவைப்படும் ஒரு தாங்கும் இனம் தோன்றுகிறது என்க. அதே நான்கு அளவுக்குப் பின் எஞ்சுவது 10,000. நூறு மடங்கு அதிகம்! ஆனால் எட்டு அளவு கொடுத்தால் மீண்டும் 100-தான். விளக்கை இருமடங்கு நேரம் எரிக்க வேண்டும், அவ்வளவே. என்.டி.எம்.-1 போன்ற நொதியைப் பெற்ற கிருமியிடம் மருந்தை இருமடங்காக்கி வெல்ல முடியாது.

ஆகவே ஒளி எதிர்ப்பு என்பது பெரும்பாலும் 'சற்று அதிகம் தாங்குதல்'. 'அசையாமல் நிற்றல்' அன்று. இது ஒளிக்குள்ள மெய்யான நன்மை. 'எதிர்ப்பே வராது' என்று மிகைப்படுத்தாமல் இதைச் சொன்னாலே ஒளியின் பெருமைக்குக் குறைவில்லை.

ஆனால் அளவைக் கூட்டும் உரிமை நமக்கு எப்போதும் உண்டா? வெற்று அறையில் உண்டு. உயிருள்ள உடலில் அப்படியில்லை.

மதுரையில் நடந்த சோதனை

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கத்தில் கதிரடிக்கும்போது கண்ணில் நெல் உமி பட்டவர்களும், தோட்டத்தில் இலை கீறியவர்களும் கடைசியில் மதுரைக்குப் பஸ் ஏறுவது வழக்கம். சிறு கீறல் கருவிழிப் புண்ணாகிப் பார்வையைப் பறித்துவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் இவ்வாறு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன.

இத்தகைய பூஞ்சைப் புண்ணுக்கு ஒளி உதவுமா என்று அரவிந்த் மருத்துவர்களே சோதித்தனர். கண்ணில் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி-2, சொட்டுகளை விட்டு நீண்ட அலை புறஊதா ஒளியைப் பாய்ச்சுவது இந்த முறை. வழக்கமான வகையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம், அதாவது 5.4 ஜூல். மருந்து மட்டும் பெற்றவர்களையும் மருந்தோடு ஒளியும் பெற்றவர்களையும் ஒப்பிட்டு, 111 நோயாளிகளின் முடிவுகளை 2020-இல் வெளியிட்டனர். ஒளி பெற்றவர்களுக்குக் கூடுதல் நன்மை இல்லை; பார்வை சற்றுக் குறைவாகவே இருந்தது.

இங்கே பூஞ்சை ஒளிக்குப் பழகிவிட்டது என்று பொருளில்லை. கருவிழியின் மேலடுக்குகளே பெரும்பகுதி ஒளியை உறிஞ்சிவிடுகின்றன. ஆழத்தில் வேர்விட்ட பூஞ்சைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம் என்பது ஒரு காரணமாகலாம். ஒளியைக் கூட்டினாலோ நோயாளியின் கண்ணே கெடும். எதிர்ப்பு வருமா வராதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், ஒளி கிருமியை எட்டுமா என்ற முதல் வினாவை மறந்துவிடுகிறார்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தமக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த மருத்துவர்களின் நேர்மை பாராட்டத் தக்கது.

அஞ்ச வேண்டிய இடம் எது?

எதிர்ப்பு வளர ஒரு நிபந்தனை உண்டு. பிழைத்த கிருமிகளே பெருகி, மீண்டும் அதே ஒளிக்குத் திரும்பி வர வேண்டும். ஆய்வகத்தில் பதினைந்து சுற்று என்பது இதுதான்.

வீட்டுக் குடிநீர்க் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் விளக்கைக் கடந்து குடத்துக்குப் போய்விடுகிறது. தப்பிய கிருமி அந்த விளக்கடிக்குத் திரும்புவதில்லை. எனவே அங்கே எதிர்ப்பு வளரும் என்ற அச்சம் பெரிதும் தேவையற்றது. அங்கே அஞ்ச வேண்டியது வேறு. ஏறத்தாழ 8,000 முதல் 9,000 மணி நேரம் எரிந்த விளக்கு கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தாலும் போதிய புறஊதாக் கதிரைத் தராது. கடின நீரின் உப்பு குவார்ட்சுக் குழாயில் படிந்து கதிரை மறைக்கும். கலங்கிய நீர் கதிரை உறிஞ்சிவிடும். கெல்னரின் கண்டுபிடிப்பையும் நினைவில் வையுங்கள்: அரைகுறையாக அடிபட்ட கிருமி வெளிச்சத்தில் எழுந்துவிடும். அந்த நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் சன்னலோரம் வைக்காமல், மூடிய குடத்தில் வைப்பது நல்லது.

மருத்துவமனை அறையின் கதை வேறு. 2020 மே மாதம், கொரோனாக் காலத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 254 நானோமீட்டர் விளக்குகள் ஆறு கொண்ட ஒரு கோபுரத்தை அறிவித்தது. 12-க்கு 12 அடி அறையைப் பத்து நிமிடங்களில் தூய்மைப்படுத்தும் என்றார்கள். விளக்கு எரியும் இடத்திலிருந்து 1 மீட்டரில் கிடைக்கும் கதிர்ச் செறிவு, அதை ஒரு புள்ளியாகக் கொண்டால், 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். கட்டிலின் அடியிலும் கதவின் பின்னாலும் நேர்க்கதிர் படவே படாது. ஒரே அறையில் நாள்தோறும் இப்படி விளக்கேற்றினால், அரைநிழலில் அரைகுறை ஒளி பெற்ற கிருமிகள் அங்கேயே பெருகி மறுநாளும் அதே ஒளியைச் சந்திக்கும். ஆறாத புண்ணுக்கு வாரந்தோறும் ஒளி காட்டும்போதும் இதே நிலைதான். கிடான்ஸ்க் ஆய்வகத்தில் அமைத்த சூழ்நிலையை நாமே இங்கு அமைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

எனவே ஒளியைப் பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டியவை தெளிவு. எட்ட வேண்டிய மூலையில் எட்டுகிறதா என்று கதிர்மானி கொண்டு அளக்க வேண்டும். விளக்கை இடம் மாற்றி வைத்து நிழலைப் போக்க வேண்டும். துடைத்துக் கழுவும் பழைய முறையைக் கைவிடக் கூடாது. பிழைத்த கிருமிகளை அவ்வப்போது எடுத்து வளர்த்து, அவற்றின் தாங்கும் திறன் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

'எதிர்ப்பே வராது' என்று நம்பும் மருத்துவமனையில் இவற்றில் ஒன்றையும் எவரும் செய்ய மாட்டார்கள். அந்தக் கூற்றின் தீங்கு அங்கேதான் இருக்கிறது. பெனிசிலின் வந்த புதிதில் ஃபிளெமிங் சொன்னதை நாம் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும். ஒளி இன்னும் கெட்டுப்போகாத மருந்து. அடுத்த முறை ஒரு விளம்பரத்தில் "எதிர்க்கவே முடியாது" என்று படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஒளி? எவ்வளவு ஒளி? பிழைத்தவற்றை யார் பார்த்தார்கள்? இந்த மூன்றுக்கும் எண்களோடு விடை தருபவர் சொல்வதை மட்டும் நம்புங்கள்.